நூறாண்டு கழித்து வருபவருக்காக

சென்னை எழும்பூரிலுள்ள அருங்காட்சியகத்திற்கு நம் பாட்டன் பாட்டிமார் வழங்கிய பெயர் ‘செத்த காலேஜ்’ என்பதாகும். மிருகக்காட்சி சாலையோ அவர்களுக்கு ‘உயிர் காலேஜ்’. வெளியூரிலிருந்து இரயிலேறி வந்து, பஞ்சடைத்த விலங்குகளையும் மாபெரும் திமிங்கல எலும்புக்கூட்டையும் வியப்புடன் பார்த்துச் சென்ற எளிய மக்கள் இட்ட பெயர்கள் இவை. இப்பெயர்களைக் கேட்டு நகைப்போர் உண்டு. ஆயினும், சற்று எண்ணிப் பார்த்தால் அவற்றில் ஒரு பொருள் அடங்கியிருப்பது புலனாகும். இறந்தவையே ஆசிரியராக அமர்ந்து, இருப்போருக்குப் பாடம் புகட்டும் கல்லூரி ஒன்று இருக்கலாகாதா? மெய்யாகவே அத்தகைய கல்லூரி ஒன்று உண்டு. அதன் வரலாற்றையே இங்கு நாம் காண முற்படுகிறோம்.

அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில், பெர்க்கிலி நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது முதுகெலும்பு விலங்கியல் அருங்காட்சியகம். அது தொடங்கப்பெற்ற ஆண்டு 1908. பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன, தவளை முதலிய நீர்நில வாழ்வன என 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட மாதிரிகள் அங்கே பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அருங்காட்சியகம் என்று பெயர் இருந்தாலும், நாள்தோறும் மக்கள் சென்று கண்டு களிக்கும் காட்சிக்கூடம் அங்கே கிடையாது. பல்லைக் காட்டி உறுமும் சிங்கத்தின் உருவத்தைத் தேடிச் செல்வோர் ஏமாற்றமே அடைவர். வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள்; அலமாரிக்குள் இழுப்பறைகள்; இழுப்பறைகளில் பஞ்சடைத்துப் படுக்கவைத்த எலிகளும் அணில்களும் குருவிகளும்; கண்ணாடிச் சாடிகளில் சாராயத்தில் மிதக்கும் தவளைகளும் பல்லிகளும். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சிறு சீட்டு. அவ்வளவே!

செத்த எலிகளை இலட்சக்கணக்கில் சேர்த்து வைப்பதால் யாருக்கு என்ன பயன் என்று நம் வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கிடைக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு.

துயரில் பிறந்த தொண்டு

இந்நிறுவனம் உருவாகக் காரணமாயிருந்தவர் ஒரு பெண்மணி. ஆனி மான்டேகு அலெக்சாந்தர் என்னும் அவ்வம்மையார் 1867-ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளிலுள்ள ஹொனலூலு நகரில் பிறந்தார். அவருடைய தந்தை சாமுவேல் அலெக்சாந்தர் கரும்புத் தோட்டங்களால் பெருஞ்செல்வம் ஈட்டியவர். தந்தையும் மகளும் தொலைதூரப் பயணங்களில் பேரார்வம் கொண்டவர்கள். 1904-ஆம் ஆண்டு இருவரும் ஆப்பிரிக்கக் காடுகளில் பயணம் செய்து, இறுதியாக விக்டோரியா நீர்வீழ்ச்சியைக் காணச் சென்றனர். அங்கே மேலிருந்து உருண்டு வந்த பாறை ஒன்று தந்தையின் காலை நசுக்கிவிட்டது. காலை வெட்டியெடுத்தும் அவர் உயிரைக் காக்க இயலவில்லை. அந்நிய மண்ணில் தந்தையை அடக்கம் செய்துவிட்டுத் தனியே வீடு திரும்பிய மகளுக்கு அப்போது வயது 36.

வேண்டிய செல்வம் கையிலிருந்தது. மாளிகையில் அமர்ந்து துயரத்திலேயே மூழ்கிக் கிடந்திருக்கலாம். அம்மையாரோ கடும் உழைப்பையே தமக்கு மருந்தாக்கிக் கொண்டார். நெவாடா மாநிலத்தில் புதைபடிவங்களைத் தோண்டும் குழுவுடன் சென்றார்; 1906 முதல் பனிபடர்ந்த அலாஸ்காவுக்கு விலங்கு மாதிரிகள் சேகரிக்கப் புறப்பட்டார். அமெரிக்காவின் மேற்குப் பகுதி அக்காலத்தில் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. காடுகள் அழிந்தன, சதுப்பு நிலங்கள் வயல்களாயின, இரயில் பாதைகளும் நகரங்களும் பெருகின. இங்கே என்னென்ன விலங்குகள் வாழ்ந்தன என்று எவரேனும் எழுதி வைப்பதற்கு முன்பே அவை மறைந்துவிடக்கூடும் என்ற அச்சம் அம்மையாரின் மனத்தில் எழுந்தது.

1907-ஆம் ஆண்டு அவர் ஜோசப் கிரினெல் என்னும் இளம் ஆசிரியரைச் சந்தித்தார். பசடீனா நகரில் ஒரு கல்விக்கூடத்தில் பணியாற்றி வந்த கிரினெல்லுக்கும் அதே அச்சம், அதே கனவு. அம்மையார் பல்கலைக்கழகத்திடம் ஓர் ஏற்பாட்டை முன்வைத்தார். பணம் தாம் தருவதாகவும், அருங்காட்சியகத்திற்குக் கிரினெல்லே இயக்குநராக வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பல்கலைக்கழகம் இசைந்தது. இவ்வாறு தோன்றிய நிறுவனத்திற்கு அம்மையார் தமது பெயரைச் சூட்டிக்கொள்ளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பணத்தைக் கொடுத்ததோடு அவர் ஒதுங்கியும் விடவில்லை. லூயிஸ் கெல்லாக் என்ற தோழியுடன் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மலைகளிலும் பாலைவனங்களிலும் கூடாரமடித்துத் தங்கினார். தாமே பொறி வைத்தார். தாமே தோலுரித்துப் பதப்படுத்தினார். தாமே சீட்டு எழுதினார். பெண்கள் தனித்துப் பயணம் செய்வதே அரிதாயிருந்த காலம் அது என்பதை நாம் மறத்தலாகாது. தமது 80-ஆம் பிறந்தநாளின்போதும் அவர் மெக்சிகோ நாட்டின் பாஜா கலிபோர்னியா என்னும் வறண்ட தீபகற்பத்தில் செடிகொடிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். 1950-ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

சீட்டில்லாத படம்

கிரினெல் தம் மாணவர்களிடம் மிகவும் கண்டிப்பானவர். விலங்கைப் பிடிப்பது வேலையில் ஒரு பாதிதான். எழுதுவதே மறுபாதி என்பது அவர் கொள்கை. வெளியூர் செல்லும் ஒவ்வொருவரும் அன்றன்று கண்டதை அன்றன்றே குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். நாளை எழுதலாம் என்று நினைவை நம்பலாகாது. சாயம் போகாத மை, நாட்பட்டாலும் நொறுங்காத தாள் ஆகியவற்றையே பயன்படுத்த வேண்டும். எந்த இடம், கடல் மட்டத்திற்கு மேல் எவ்வளவு உயரம், எத்தனை பொறிகள் வைக்கப்பட்டன, எத்தனை இரவுகள், எத்தனை விலங்குகள் அகப்பட்டன, வானிலை எப்படி, சுற்றிலும் என்ன மரங்கள் – இவையனைத்தும் குறிப்பில் இருத்தல் வேண்டும். எது பிற்காலத்தில் பயன்படும் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாதாகையால் அனைத்தையும் எழுதுக என்பதே அவருடைய அறிவுரை.

விலங்கின் காலில் கட்டும் சீட்டும் அவ்வாறே. உடல் நீளம், வால் நீளம், பின்னங்காலின் அளவு, ஆணா பெண்ணா, பிடித்த இடம், நாள், பிடித்தவர் பெயர் ஆகியன அதில் காணப்படும். அச்சீட்டு அறுந்து தொலைந்துவிட்டால் அந்த மாதிரி பெரும்பாலும் பயனற்றதாகிவிடும். நம் வீட்டு இரும்புப் பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய புகைப்படங்களை நினைத்துப் பார்ப்போம். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் யார், அருகில் நிற்கும் சிறுமி யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பின்புறத்தில் எவரும் எழுதி வைக்கவில்லை. தெரிந்த பாட்டியும் கண்மூடிவிட்டார். இனி அப்படம் யாருடையதும் அன்று! எழுதாத சாட்சி வாயில்லாச் சாட்சி.

எலும்புகளைத் தூய்மை செய்யும் முறையும் சுவையானது. காய்ந்த இறைச்சியைத் தின்னும் ஒருவகைச் சிறுவண்டுகளை அங்கே வளர்க்கின்றனர். தசையுடன் கூடிய எலும்புக்கூட்டை அவற்றிடம் விட்டுவிட்டால், மிக நுண்ணிய எலும்பையும் சிதைக்காமல் தசையை மட்டும் தின்று தீர்த்துவிடும். மனிதக் கை செய்ய இயலாத வேலையை வண்டு செய்கிறது. இம்முறையை ஒழுங்குபடுத்தி, 1930-களில் பிற நிறுவனங்களுக்கும் எழுத்து மூலம் அறிவித்தவர்கள் இவ்வருங்காட்சியகத்தாரே.

1910-ஆம் ஆண்டு கிரினெல் ஒரு கட்டுரை எழுதினார். நாம் சேகரித்தவற்றின் முழுப் பயனும் பல ஆண்டுகள் சென்ற பின்னரே, ஒருவேளை ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே, விளங்கும் என்ற கருத்தை அதில் அவர் வெளியிட்டார். வருங்கால மாணவன் பழைய நிலையை ஊகிக்க வேண்டியதில்லை. மூலச் சான்றையே கையிலெடுத்துப் பார்க்கலாம் என்பது அவர் நம்பிக்கை. 1939-ஆம் ஆண்டு தமது 62-ஆம் வயதில் அவர் காலமானார். தாம் விதைத்ததன் விளைச்சலை அவர் காணவில்லை.

மலையேறிய எலிகள்

அவ்விளைச்சலை இனிக் காண்போம். 1914 முதல் 1920 வரை கிரினெல்லும் அவர் குழுவினரும் சியரா நெவாடா மலைத்தொடரிலுள்ள யோசெமிட்டிப் பகுதியை அடிவாரம் முதல் உச்சி வரை ஆராய்ந்தனர். கழுதைகளின் முதுகில் சுமையேற்றி, ஊர் ஊராக, உயரம் உயரமாக முகாமிட்டு எழுதிய குறிப்புகள் ஆயிரக்கணக்கான பக்கங்கள். அவற்றின் பயனாக 1924-இல் ஒரு பெருநூலும் வெளிவந்தது.

ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் உருண்டோடின. 2003-ஆம் ஆண்டு அதே அருங்காட்சியகத்தின் புதிய தலைமுறையினர் பழைய குறிப்பேடுகளைக் கையில் ஏந்தியவாறு அதே முகாம்களைத் தேடிப் புறப்பட்டனர். ஓடையின் வளைவையும் பாறையின் வடிவையும் பழைய படங்களோடு ஒப்பிட்டு இடங்களை அடையாளம் கண்டனர். பொறிகளின் எண்ணிக்கையும் இரவுகளின் எண்ணிக்கையும் எழுதப்பட்டிருந்தமையால், ஒரு விலங்கு அன்று அகப்படாமற் போனது உண்மையிலேயே இல்லாமையாலா, அன்றித் தப்பியதாலா என்று கணக்கிடவும் முடிந்தது.

2008-இல் வெளியான முடிவு உலகை விழிக்கச் செய்தது. ஆராயப்பட்ட 28 வகைச் சிறு பாலூட்டிகளுள் பாதி, தாம் வாழும் எல்லையைச் சராசரியாக ஏறத்தாழ 500 மீட்டர் மாற்றிக்கொண்டிருந்தன. பெரும்பாலும் மேல் நோக்கியே! அக்கால இடைவெளியில் அங்கே இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஏறத்தாழ 3 டிகிரி செல்சியசு உயர்ந்திருந்தது. அடிவாரத்தில் வாழ்ந்தவை மேலே இடம் பெற்றன. உச்சியில் வாழ்ந்த கோடுபோட்ட சிறு அணிலினமோ மேலும் மேலும் ஒதுங்கி, தான் வாழும் நிலம் சுருங்கக் கண்டது. உச்சிக்கு மேல் ஏறிச் செல்ல இடம் ஏது? சட்டத்தால் காக்கப்பட்ட தேசியப் பூங்காவில் நிகழ்ந்த மாற்றம் இது. வேலி கட்டிக் காத்தும் வெப்பத்தைத் தடுக்க இயலவில்லை.

மோஹாவே பாலைவனத்திலும் இவ்வாறே பழைய இடங்களுக்குச் சென்று பார்த்தனர். 2018-இல் வெளியான ஆய்வின்படி, ஒரு நூற்றாண்டுக்குள் ஒவ்வோர் இடமும் தன் பறவை வகைகளில் சராசரியாக நூற்றுக்கு 43 பங்கை இழந்திருந்தது. அதே பாலையில் வாழும் எலி முதலிய சிறு விலங்குகளோ பெரும்பாலும் குறையவில்லை. காரணம் யாது? எலி பகலில் வளைக்குள் குளிர்ச்சியாக உறங்குகிறது. பறவைக்கு வளை இல்லை. உடலைக் குளிர்விக்க அது நீரை ஆவியாக்க வேண்டும். பாலையில் நீருக்கு எங்கே போவது? பழைய குறிப்பேடு இல்லையேல், இப்பாலைவனம் என்றும் இப்படித்தான் பறவைகளற்று இருந்தது என்றே நாம் எண்ணியிருப்போம்.

முட்டையோடும் சாடித் தவளையும்

மற்றொரு செய்தியைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி உலகெங்கும் தாராளமாகத் தெளிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் வல்லூறுகளும் கூழைக்கடாக்களும் குறையலாயின. அடைகாக்கும் தாயின் பாரம் தாங்காது முட்டைகள் நொறுங்கின. முன்னெல்லாம் ஓடு எவ்வளவு தடித்திருந்தது? அதை யார் அறிவார்? பழைய முட்டையோடுகளைச் சேர்த்து வைத்திருந்த அருங்காட்சியகங்களும் தனியாருமே அறிவர். அமெரிக்காவில் அத்தகைய சேகரங்களிலிருந்து 1,729 முட்டையோடுகளை அளந்து எடை பார்த்தனர். 1947-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து ஓடுகள் மெலிந்துபோயின என்ற உண்மை 1968-இல் வெளியாயிற்று. 1972-இல் அமெரிக்கா டி.டி.டி.யைப் பயிர்களுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. வல்லூறு மீண்டும் பெருகி, 1999-இல் அந்நாட்டின் அழியும் உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. முட்டைகளைச் சேகரித்தவர் எவரும் பூச்சிக்கொல்லியைக் கனவிலும் கண்டிலர்!

தவளைகளின் கதை இவ்வளவு மகிழ்ச்சியாக முடியவில்லை. நடு அமெரிக்க மலைக்காடுகளில் 1970-கள் முதல் தவளைகளும் சலமாந்தர்களும் காரணம் தெரியாமல் மறைந்து வந்தன. தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சணமே எமன் என்பது 1990-களின் இறுதியில்தான் தெரியவந்தது. அது எப்போது, எவ்வழியே பரவியது? பெர்க்கிலி அருங்காட்சியகத்தின் இயக்குநராக 1971 முதல் 1998 வரை பணியாற்றிய டேவிட் வேக் என்பாரும் அவர் தோழர்களும் அதற்கு விடை தேடினர். பல்லாண்டுகளாகச் சாடிகளில் கிடந்த உடல்களின் தோலைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துச் சோதித்தனர். தென் மெக்சிகோவில் 1970-களில் தோன்றிய நோய், அடுத்து குவாத்தமாலாவுக்கும், 1987-இல் கோஸ்டாரிக்காவின் மொன்டிவெர்டே மலைக்கும் பரவிய தடம் 2011-இல் புலனாயிற்று. யோசெமிட்டியை உள்ளிட்ட சியரா நெவாடா ஏரிகளிலும் மஞ்சட்கால் தவளை முன்பு வாழ்ந்த இடங்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இன்று இல்லை. கிரினெல் காலத்தில் கால் வைத்த இடமெல்லாம் காணப்பட்ட தவளை அது. சாடியில் இருக்கிறது, குளத்தில் இல்லை.

1911, 1917, 1937 ஆகிய ஆண்டுகளில் பிடிக்கப்பட்ட கங்காரு எலிகளின் காய்ந்த தோலிலிருந்து மரபணுச் செய்தியைப் படித்தெடுத்து, 1990-இல் அதே பல்கலைக்கழக அறிஞர்கள் வெளியிட்டனர். அவர்களுள் ஒருவரான ஸ்வாந்தே பாபோ, பிற்காலத்தில் பண்டைய மனித இனங்களின் மரபணுக்களை ஆராய்ந்து, 2022-இல் நோபல் பரிசும் பெற்றார். மரபணுவின் அமைப்பே 1953-இல்தான் கண்டறியப்பட்டது. 1911-இல் அவ்வெலியைப் பதப்படுத்தியவர் இதனை எவ்வாறு அறிந்திருப்பார்?

கொல்வது முறையா?

இங்கே நம் மனத்தை உறுத்தும் கேள்வி ஒன்று உண்டு. அறிவுக்காகவே ஆயினும் ஓர் உயிரைக் கொல்வது முறையாகுமா? இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. சேகரிக்கும் ஆசை பேராசையான வரலாறும் உண்டு. 1900-ஆம் ஆண்டு, மெக்சிகோவின் குவாதலூப்பே தீவில் ஒரு சேகரிப்பாளர் தம்மை நோக்கிப் பறந்துவந்த 11 கராகராப் பருந்துகளுள் 9-ஐச் சுட்டு வீழ்த்தினார். தீவில் ஏராளமாக உள்ளன என்று அவர் எண்ணினார். அதன்பின் அப்பருந்தினம் அழிந்தே போயிற்று.

இந்தப் பாடத்தை அறிவுலகம் கசப்புடன் கற்றுக்கொண்டது எனலாம். இன்று அரசின் அனுமதியும் பல்கலைக்கழகக் குழுவின் ஒப்புதலும் இன்றி விலங்கைத் தொடலாகாது. உயிருடன் பிடித்து, அளந்து, காதின் ஓரத்தில் ஒரு துணுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிடுதல் பெருகியுள்ளது. கண்ணாடிச் சன்னலில் மோதியும் சாலையில் அடிபட்டும் இறந்தவை அருங்காட்சியகத்தை வந்தடைகின்றன. கொல்ல நேர்ந்தவிடத்தும் அவ்வுயிர் வீணாகாதிருக்க ஒரே வழிதான் உண்டு: அதனைப் பற்றி உண்மையாகவும் முழுமையாகவும் எழுதி வைத்து, தலைமுறை தலைமுறையாகக் காப்பது. ஏனோதானோ என்று எழுதுபவரே அவ்வுயிரை இருமுறை கொல்கிறார்.

கலிபோர்னிய மாநிலத்தின் கொடியில் ஒரு பெருங்கரடி நடந்து செல்கிறது. அவ்வின மலைக்கரடியை 1920-களுக்குப் பின் அம்மாநிலத்தில் கண்டவர் இல்லை. கொடியின் உருவத்திற்கு மாதிரியாக அமைந்த ‘மொனார்க்’ என்ற கரடி 1911-இல் இறந்தது. அதன் எலும்புகள் பெர்க்கிலியில் பாதுகாக்கப்படுகின்றன. கொடியில் பறக்கிறது; எலும்பாய்க் கிடக்கிறது; மலையில் மட்டும் இல்லை. இருக்கும்போதே பேணாத பொருளை, மறைந்த பின் அருங்காட்சியகம் மீட்டுத் தராது. அது சாட்சி சொல்லும், அவ்வளவே. அச்சாட்சியைக் கேட்டு, எஞ்சியவற்றைக் காப்பது உயிரோடிருக்கும் நம் கடமையன்றோ!

இன்று அக்குறிப்பேடுகள் ஒளிப்படமாக்கப்பட்டு, உலகின் எம்மூலையிலிருந்தும் படிக்கக் கூடியனவாய் உள்ளன. கூடாரத்தின் மங்கிய விளக்கொளியில், நாளெல்லாம் நடந்து களைத்த கையால், தூக்கத்தை அடக்கிக்கொண்டு ஒருவர் எழுதிய வரிகள் அவை. யார் படிப்பார், எதற்குப் பயன்படும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாவிடினும் பொய்யின்றி எழுதினார், சீட்டைச் செவ்வனே கட்டினார், பிறகே உறங்கினார்.

பலனை உடனே காணத் துடிக்கும் காலம் இது. நம் பெயரன் காலத்திற்கும் அப்பால் வரப்போகும் ஒருவருக்காக இன்று மாலை ஒரு வேலையைத் திருத்தமாகச் செய்து முடிப்பது எளிதன்று. ‘செத்த காலேஜ்’ நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே. இந்த விடுமுறையில் அந்த இரும்புப் பெட்டியைத் திறந்து, தெரிந்த பெரியவர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு, பழைய படங்களின் பின்புறத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வைப்போமா? அழியாத மையால் எழுதுவோம்.